தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகு: மூளையைக் காப்பாற்றச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பாலக்காடு ஜில்லா நல்லேப்பிள்ளியில் எந்தப் பக்கம் நடந்தாலும் தண்ணீர் இருக்கிறது. சித்தூர் ஆறு, வாய்க்கால், ஏரி, தென்னந்தோப்புக்குள் கொக்கர்ணி என்னும் குளம் போன்ற பெரிய கிணறு. ஆழியாற்றுப் பக்கம் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் நீர் ஏறும். 2024 ஜூலையில் சித்தூர் ஆற்றின் நடுவே சிக்கிக்கொண்ட நான்கு பேரைத் தீயணைப்புப் படையினர் மீட்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பிழைத்தார்கள். 2021 செப்டம்பரில் வாளையார் அணையில் இறங்கிய கோவை மாணவர்கள் மூன்று பேர் பிழைக்கவில்லை. 2023 ஓணம் விடுமுறையில் மண்ணார்க்காட்டுக்குப் பக்கத்தில் பீமநாட்டுக் குளத்தில் போன சகோதரிகள் மூவரும் பிழைக்கவில்லை.

இங்கே நான் சொல்ல வருவது ஆள் கரைக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி. நாடித்துடிப்போடு தூக்கப்பட்டவர்கள்கூட கரையில் வைத்தே கைநழுவிப் போகிறார்கள். வயிற்றை அமுக்குவதிலும், தலைகீழாகத் தூக்குவதிலும், ஜீப் வருமா என்று பார்ப்பதிலும் அந்தச் சில நிமிடங்கள் கரைந்துவிடுகின்றன. இன்னும் சிலருக்கு மூச்சு திரும்புகிறது. "கண்ணு முழிச்சிட்டான், இனி ஒண்ணும் இல்லே" என்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். மறுநாள் காய்ச்சல், பிறகு வலிப்பு. நேற்றுப் பேசிய பையன் இன்று ஏன் பேசவில்லை என்று வீட்டாருக்கு விளங்குவதில்லை.

காரணம் தெரிந்தால் கீழே உள்ள கட்டளைகள் மனதில் நிற்கும். மூளை நம் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அந்த ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிப்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். மூச்சு நின்றால் தயாரிப்பு நிற்கும், கையிருப்புச் சக்தியான ஏடிபி தீரும், கால்சியம் செல்லுக்குள் கட்டுப்பாடின்றிப் புகும், சக்சினேட் என்ற பொருள் எரிய வழியில்லாமல் தேங்கும். இது முதல் அடி. சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும்.

இரண்டாவது அடி ஆக்ஸிஜன் திரும்பும்போது விழுகிறது. தேங்கிக் கிடந்த சக்சினேட் படபடவென்று எரிகிறது. எலக்ட்ரான்கள் போக வேண்டிய வழிக்கு எதிராகத் திரும்பிப் பாய்ந்து, வந்து சேர்ந்த ஆக்ஸிஜனைப் பிடித்து சூப்பராக்ஸைடு என்ற மூர்க்கமான மூலக்கூறாக மாற்றுகின்றன. கேம்பிரிட்ஜில் மைக்கேல் மர்ஃபியும் சகாக்களும் 2014-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். தோட்டத்து மோட்டாரை ஆஃப் செய்யாமல் விட்டு, போன கரன்ட் ஹை வோல்டேஜில் திரும்பி வந்தால் காயில் எரியுமே, அப்படித்தான். சூப்பராக்ஸைடு மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வை அரிக்கிறது. பிறகு வெளிச் சவ்விலும் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே கசிகிறது. அந்தக் கசிவைக் கண்டதும் செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. இதெல்லாம் ஒரு நொடியில் நடப்பதில்லை. மணிக்கணக்கில், சில பகுதிகளில் இரண்டு மூன்று நாள் வரை நடக்கும். நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் செல்கள் இப்படித் தாமதமாகச் சாவதற்குப் பெயர் போனவை.

முதல் சில நிமிடங்கள் உங்கள் கையில். அடுத்த மூன்று நாள் ஆஸ்பத்திரியின் கையில், நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க.

செய்ய வேண்டியவை

• கரையில் நின்றபடியே எதையாவது எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். தோட்டி, தென்னை மட்டை, முறுக்கிய வேட்டி, மூடி இறுக்கிய காலிக் கேன், லாரி ட்யூப், எதுவானாலும் சரி. மூழ்குகிறவர் கையில் அகப்படுவதைப் பிடித்து அழுத்துவார். அது உங்கள் கழுத்தாக இருக்க வேண்டாம்.

• இன்றைக்கே உங்கள் கொக்கர்ணி, கிணற்றடியில் ஒரு நீளக் கயிறும் காலிக் கேனும் கட்டி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் கயிறு தேடி வீட்டுக்கு ஓடுவதில்தான் முதல் நான்கு நிமிடம் போகிறது.

• ஒருவர் காப்பாற்றும்போதே இன்னொருவர் 108-ஐயும் 101-ஐயும் அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் நிற்கிறீர்கள் என்றால் கேரளமா தமிழ்நாடா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எல்லையோரத்தில் போன் பக்கத்து மாநில டவரைப் பிடிப்பது சகஜம். ஆம்புலன்ஸ் தவறான பக்கத்திலிருந்து கிளம்பக் கூடாது.

• ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பத்து நொடிக்குள் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, மூக்கருகில் காற்று படுகிறதா, அவ்வளவு போதும். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து கேவினால் அதை மூச்சு என்று எண்ண வேண்டாம்; மூச்சு நின்றதாகவே வையுங்கள்.

• மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது, ரத்தத்தில் கொஞ்சம் ஆக்ஸிஜன் மீதி இருக்கும். மூழ்கியவருக்கு நேர்மாறு: மூச்சு முதலில் நிற்கிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் வற்றுகிறது, அதன் பிறகே இதயம் தளர்ந்து நிற்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் ஊதும் நாலைந்து மூச்சே இதயம் நிற்காமல் தடுத்துவிடலாம். நெற்றியைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை மேலே தூக்கி, மூக்கை அடைத்து, நெஞ்சு உயரும் அளவுக்கு ஒரு நொடி ஊதுங்கள். ஐரோப்பிய முறையில் முதலில் ஐந்து மூச்சு, அமெரிக்க முறையில் இரண்டு. எது நினைவுக்கு வருகிறதோ அதைச் செய்யுங்கள். ஒன்றும் செய்யாமல் யோசிப்பதுதான் தவறான முறை.

• அசைவும் மூச்சும் இன்னும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: 30 அழுத்தம், 2 மூச்சு, மீண்டும் 30, மீண்டும் 2. பெரியவருக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. குழந்தைக்கு நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கு இரு கட்டைவிரல் போதும். இது நின்றுபோன இதயத்தின் வேலையை உங்கள் கையால் செய்வது. அழுத்தம் நின்றால் மூளைக்குப் போகும் ரத்தமும் நிற்கும்.

• இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். கை சோர்ந்தால் ஆழம் குறைவது அழுத்துகிறவருக்கே தெரியாது.

• வாந்தி வந்தால் முழு உடலையும் ஒருபக்கமாகத் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மூழ்கியவரை மீட்கும்போது பெரும்பாலும் வாந்தி வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். வாயிலிருந்து நுரை வந்துகொண்டே இருந்தால் அதைத் துடைத்துத் தீர்க்க முடியாது. நுரையோடேயே ஊதுங்கள்.

• மூச்சு திரும்பியவரை இடது அல்லது வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த துணியால் மூடுங்கள். கண்ணை எடுக்காதீர்கள், மூச்சு மறுபடியும் நிற்கலாம்.

• எத்தனை மணிக்கு மூழ்கினார், எத்தனை மணிக்குத் தூக்கினீர்கள், எப்போது மூச்சு வந்தது, மூன்றையும் போனில் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தார் என்பதை வைத்துத்தான் மூளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் பெரும்பாலும் கணிக்கிறார். "ரொம்ப நேரம்" என்பது அவருக்கு உதவாது.

• முழுதாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சித்தூர் தாலுக்கா ஆஸ்பத்திரி, பாலக்காடு ஜில்லா ஆஸ்பத்திரி, எது முதலில் கிடைக்கிறதோ அங்கே. நுரையீரலில் வீக்கம் வந்து ஆக்ஸிஜன் குறைவது சில மணி நேரம் கழித்து நடக்கலாம். ஏற்கெனவே அடி வாங்கிய மைட்டோகாண்ட்ரியாவுக்கு இன்னொரு முறை ஆக்ஸிஜன் குறைவது மிக மோசம்.

• ஐசியுவில் இருந்தால் முதல் மூன்று நாள் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு, காய்ச்சல் இருக்கிறதா, வலிப்பு வந்ததா, சர்க்கரை எவ்வளவு. இந்த நான்கும் இரண்டாவது அடியைப் பலமாக்குபவை. காய்ச்சல் ஒரு டிகிரி ஏறினாலும் காயம்பட்ட மூளை கூடுதலாகச் சக்தி கேட்கும். தரும் நிலையில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டாக்டர் பொறுமையாகச் சொல்வார்.

• இந்த மாதமே, மேலே சொன்ன ஊதி அழுத்தும் முறையான சிபிஆரைக் கற்றுக்கொள்ளுங்கள். கேரளத் தீயணைப்புத் துறையின் சிவில் டிஃபென்ஸ் பிரிவு பொதுமக்களுக்குப் பயிற்சி தருகிறது. பஞ்சாயத்து உறுப்பினரிடம், குடும்பஸ்ரீ கூட்டத்தில், கோயில் கமிட்டியில் கேட்டு ஊருக்கே ஏற்பாடு செய்யுங்கள். அதுவரை இன்று ராத்திரி ஒரு தலையணையில் 30-க்கு 2 என்று எண்ணிப் பழகுங்கள். கை பழகினால்தான் பதற்றத்திலும் வரும்.

செய்யக்கூடாதவை

• நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையில் பின்னாலேயே குதிக்காதீர்கள். பீமநாட்டுக் குளத்தில் ஒருவர் வழுக்கி விழ, தூக்கப் போன மற்ற இருவரும் போனார்கள். ஒரே வீட்டில் மூன்று, நான்கு சாவு விழுவது பெரும்பாலும் இப்படித்தான். பாசத்தால் குதிக்கிறோம், அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்து நிற்பதும் பாசம்தான்.

• தூர் வாரும் கிணற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்க நீங்களும் இறங்காதீர்கள். அடியில் ஆக்ஸிஜன் இல்லாத காற்றோ விஷவாயுவோ இருக்கும், இரண்டு மூச்சில் நீங்களும் விழுவீர்கள். 101 வரட்டும், அவர்களிடம் மூச்சுக்கருவி இருக்கிறது. தூக்கி மேலே கொண்டு வந்த பிறகு மேலே சொன்ன அதே முறைதான்.

• தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். வருவது வயிற்றுத் தண்ணீர். நுரையீரலுக்குள் போனது கொஞ்சம்தான், அதையும் உடம்பு ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். அமுக்கினால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் புகும். "தண்ணி வெளியே வந்தாத்தான் பிழைப்பான்" என்று ஊரில் பெரியவர் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரிடம் வாதாட நேரமில்லை. "சித்தப்பா, நீங்க 108-க்குக் கூப்பிடுங்க" என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு நீங்கள் ஊதத் தொடங்குங்கள்.

• உப்பில் புதைக்காதீர்கள், சாம்பல் பூசாதீர்கள். மூழ்கிச் செத்தவரை மூட்டை மூட்டையாக உப்புக்குள் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் உயிர் வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. 2022-ல் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் அதை நம்பிப் பிள்ளையை உப்புக்குள் மணிக்கணக்கில் வைத்திருந்தது. பிள்ளை எழவில்லை. அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் செய்தியை ஃபார்வர்ட் செய்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். உங்கள் குரூப்பில் வந்தால் அங்கேயே மறுத்து எழுதுங்கள்.

• நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று எண்ணாதீர்கள். அந்த வீடியோக்கள் மாரடைப்புக்கானவை. மூழ்கியவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜனே இல்லாதபோது, அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாலும் மூளைக்குப் பிரயோசனம் இல்லை. 2024-ல் அமெரிக்க இதயச் சங்கமும் குழந்தைகள் மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் மூழ்கியவருக்கு மூச்சும் அழுத்தமும் சேர்ந்த முறையையே சொல்கிறது. வாய் வைக்கவே முடியாது என்றால் அழுத்தத்தை மட்டுமாவது செய்யுங்கள். சும்மா நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

• மூச்சில்லாதவரை ஜீப்பின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பறக்காதீர்கள். ஓடும் வண்டியில் ஒழுங்காக அழுத்தவும் முடியாது, ஊதவும் முடியாது. சித்தூர் சேருவதற்குள் மூளையின் நேரம் முடிந்துவிடும். கரையில் தொடங்குங்கள், ஆம்புலன்ஸ் உங்களிடம் வரட்டும்.

• வாயில் தண்ணீரோ காப்பியோ பாலோ ஊற்றாதீர்கள். அரைமயக்கத்தில் விழுங்கத் தெரியாது; நேராக நுரையீரலுக்குப் போகும்.

• ஐஸ் வைத்துக் குளிரூட்டாதீர்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூட்யூப் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிய அன்னா போகன்ஹோம், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய நிலையிலிருந்து பிழைத்தார். குளிர் மைட்டோகாண்ட்ரியாவின் தேவையைக் குறைத்தது. இதயம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டது. நம் ஆற்றுத் தண்ணீருக்கு அந்தக் குளிர் கிடையாது. இதயம் மீண்ட பிறகு குளிரூட்டலாமா என்றால், 2002-ல் வந்த இரண்டு ஆய்வுகள் பலன் இருப்பதாகக் காட்டின. ஆனால் 2021-ல் இதயம் நின்று மீண்ட சுமார் 1,900 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிரூட்டியவர்களுக்கும் காய்ச்சலை மட்டும் கட்டுப்படுத்தியவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தைகளிடம் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வின் முடிவும் அதே 2021-ல் வந்தது. மொத்தம் 408 குழந்தைகள். குளிரூட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிரூட்டப்படாதவர்களில் 31 சதவீதம். பணக்கார நாடுகளில் பலன் தந்த சிகிச்சை நம் ஆஸ்பத்திரிகளில் தீங்கு செய்தது. ஆகவே வீட்டு ஃப்ரிட்ஜ் ஐஸ் வேண்டவே வேண்டாம். ஐசியு டாக்டர் குளிரூட்டவில்லை என்று சண்டையும் போடாதீர்கள். காய்ச்சல் வராமல் பார்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

• "ஆக்ஸிஜனைக் கூட்டி வையுங்கள்" என்று நர்ஸை நெருக்காதீர்கள். உயிர் கொடுக்கும் நேரத்தில் முழு ஆக்ஸிஜன் தர வேண்டும், அதைத் தடுக்கவே கூடாது. இதயம் ஓடத் தொடங்கி அளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, டாக்டர்கள் 94 முதல் 98 சதவீதத்துக்குள் வைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு மேல் போகும் ஆக்ஸிஜன் சூப்பராக்ஸைடுக்குத் தீனி. பிறந்து மூச்சு விடாத குழந்தைகளுக்குச் சுத்த ஆக்ஸிஜனும் சாதாரணக் காற்றும் கொடுத்து டெல்லியில் சித்தார்த் ராம்ஜி குழு 84 குழந்தைகளிடம் ஒப்பிட்டு, காற்றே ஈடு கொடுக்கிறது என்று 1993-லேயே எழுதியது. 2010-ல் உலக வழிகாட்டுதல் அதன்படி மாறியது. நம் நாட்டில் செய்த வேலை இது, பெருமையாகச் சொல்லலாம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாஸ்க்கைத் தாமாகக் கழற்றிவிடாதீர்கள். ஆக்ஸிஜன் குறைவது கூடுவதைவிடப் பயங்கரம்.

• ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, பவுடர், "மூளை டானிக்" வாங்கிப் பணத்தைக் கொட்டாதீர்கள். சேதம் ஆக்ஸிடேடிவ் என்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் குணமாக்கும் என்று தோன்றுவது இயல்பு. என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து பக்கவாத நோயாளிகளிடம் முதல் ஆய்வில் நம்பிக்கை தந்தது. 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2007-ல் வெளியான அடுத்த ஆய்வில் பலனே இல்லை என்று முடிந்தது. எடரவோன் 2001 முதல் ஜப்பானில் பக்கவாதத்துக்குப் பயன்படுகிறது. மூழ்கி மீண்டவரின் மூளையைக் காக்கும் என்று நிரூபணமானதில்லை. சேதம் நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வு, தொடங்கும் நேரம் ரத்தம் திரும்பிய முதல் நிமிடங்கள். நாலாம் நாள் விழுங்கும் கேப்ஸ்யூல் அந்த இடத்துக்கும் போகாது, அந்த நேரத்துக்கும் போகாது. அந்தப் பணத்தை பிசியோதெரபிக்கு வையுங்கள்.

• வலிப்பு நோய் உள்ளவரைத் தனியாகக் குளத்தில் குளிக்க விடாதீர்கள். கரையில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

• கள்ளு குடித்தவரோடு ஆற்றில் இறங்காதீர்கள், இறங்கவும் விடாதீர்கள். தடுமாறும் காலுக்குப் பாறையின் பாசி போதும்.

• முதல் 72 மணி நேரத்துக்குள் "தேறுவாரா மாட்டாரா" என்ற முடிவை டாக்டரிடமிருந்து பிடுங்காதீர்கள். செல்கள் இன்னும் சாவதும் பிழைப்பதுமாக இருக்கும் நேரம் அது. மயக்க மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது உறவினர் ஐசியு வாசலில் நின்று "இனி கொண்டுபோயிடலாம்" என்று சொன்னால், மூன்று நாள் முடியட்டும், நரம்பியல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று பதில் சொல்லுங்கள்.

• வீடு திரும்பியவருக்கு மறதி, எரிச்சல், கை நடுக்கம் இருந்தால் "பயந்துட்டான்" என்று ஒதுக்காதீர்கள். ஹிப்போகாம்பஸில் பட்ட காயம் முதலில் இப்படித்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டோடு அடுத்த வாரமே பாலக்காட்டிலோ கோவையிலோ நரம்பியல் ஓபியில் காட்டுங்கள். பள்ளிப் பிள்ளை என்றால் வகுப்பு டீச்சரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.